காண்ட்ராக்ட் வேலை, செயலி வேலை: என் மேசைக்கு வரும் கேள்விகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறிய கம்பெனிகளுக்கும் லேபர் காண்ட்ராக்டர்களுக்கும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. இருபது வருடமாகிறது. முன்பெல்லாம் சலான் கட்ட வரும் காண்ட்ராக்டர்கள்தான் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். இப்போது அவர்களிடம் வேலை பார்ப்பவர்களும் வருகிறார்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே "ஒரு சந்தேகம் சார்" என்று ஆரம்பிக்கும் டெலிவரிப் பையன்களும் வருகிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் என் தொண்டையாவது மிச்சமாகும் என்று இதை எழுதுகிறேன்.

காண்ட்ராக்ட் வேலையும் கிக் வேலையும் ஒன்றா?

இல்லை. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு முதலாளி உண்டு. அவர் யார் என்பதில்தான் தகராறு. வேலை வாங்குவது கம்பெனி, சம்பளம் போடுவது காண்ட்ராக்டர். கிக் வேலையில், அதாவது செயலி வழியாக ஒவ்வொரு ஆர்டராக, ஒவ்வொரு சவாரியாக எடுத்துச் செய்யும் வேலையில், முதலாளியே கிடையாது என்கிறார்கள். உங்களை 'பார்ட்னர்' என்று அழைக்கிறார்கள். லாபத்தில் பங்கு தராத பார்ட்னர்ஷிப்பை என் கணக்குப் புத்தகத்தில் நான் பார்த்ததில்லை.

தமிழர்களுக்கு இடைத்தரகர் புதியவர் அல்லர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துப்போன கங்காணிக்கு, அவருடைய ஆட்களில் அன்றன்று வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு காசு என்று தோட்டம் கொடுத்தது. இன்றைய காண்ட்ராக்டரின் பில்லிலும் ஆட்கூலிக்குக் கீழே 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி இருக்கும். தலைக்கு இவ்வளவு என்ற அதே கணக்குதான்.

இவ்வளவு வேகமாகப் பெருகியது எப்படி?

பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் மத்திய அரசு ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கின்படி, 2000ஆம் ஆண்டு வாக்கில் ஐந்து தொழிலாளிகளில் ஒருவர் காண்ட்ராக்ட். 2022-23இல் பத்துக்கு நான்கு பேர். கிக் தொழிலாளர்களைப் பொறுத்தவரை, 2020-21இல் நாட்டில் 77 லட்சம் பேர் இருந்தார்கள் என்றும் 2029-30இல் 2.35 கோடியாக உயர்வார்கள் என்றும் நிதி ஆயோக் 2022இல் மதிப்பிட்டது.

ஆர்டர் ஏறி இறங்குகிறது, அதனால் ஆட்களும் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்று கம்பெனிகள் சொல்லும். அதில் உண்மை இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் மட்டும் நாற்பது பேர் அதிகம் தேவைப்படும் பேக்கிங் யூனிட்டை நானே பார்க்கிறேன். ஆனால் பன்னிரண்டு மாதமும் அதே மெஷினில் நிற்கும் ஆள் ஏன் காண்ட்ராக்ட்? அதற்கு வேறு காரணம். 2001இல் அரசு நிறுவனமான ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, காண்ட்ராக்ட் முறை ஒரு வேலையில் தடை செய்யப்பட்டாலும் அங்கிருந்த ஆட்களைக் கம்பெனி தானாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. காண்ட்ராக்ட் வெறும் கண்துடைப்பு என்று தொழிலாளி நிரூபித்தால் மட்டுமே வழி. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு கம்பெனிகளுக்கு இருந்த தயக்கம் போய்விட்டது.

480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்கிறார்களே?

அது தமிழ்நாட்டின் சொந்தச் சட்டம், 1981இல் வந்தது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி தர வேண்டும். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். கட்டுமான வேலைக்குப் பொருந்தாது.

இந்தச் சட்டத்தைத் தாண்டுவதற்காகவே ஒரு தனிக் கலை வளர்ந்திருக்கிறது. பதினோரு மாதத்தில் ஒரு இடைவெளி. இரண்டாவது வருடம் காண்ட்ராக்டர் பெயர் மாறும், ஆட்கள் மாற மாட்டார்கள். சில நேரம் காண்ட்ராக்டரும் மாறியிருக்க மாட்டார். மனைவி பெயரில் புது லைசென்ஸ் எடுத்திருப்பார். அப்படிப்பட்ட கணக்குகளை நானும் எழுதியிருக்கிறேன். மறைக்க விரும்பவில்லை.

வருகைப் பதிவேடு உங்கள் கையில் இருக்காது. ஆகையால் நீங்களே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கேன்டீனில் பாத்திரம் கழுவும் ஓர் அம்மா ஒரு பையோடு வந்தார். பை நிறைய, கிழித்த தினத்தாள் காலண்டர் தாள்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் வேலைக்குப் போன ஷிப்டும் மேற்பார்வையாளர் பெயரும் பென்சிலில் எழுதியிருந்தது. ஏழு வருடத் தாள்கள். எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தாள்களை அவருடைய வக்கீல் நூலில் கோத்துத்தான் தாக்கல் செய்தார். வழக்கு இன்னும் நடக்கிறது.

காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பிஎஃப் பணத்தை எடுத்துவிடலாமா?

தயவுசெய்து எடுக்காதீர்கள். நான் அதிகம் கோபப்படுவது இந்த விஷயத்தில்தான். உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 12 சதவீதம், கம்பெனி பக்கம் போடுவதும் 12 சதவீதம். கம்பெனி போடுவதில் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. மொத்தம் 10 வருடச் சேவை இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டால் சேவைக் கணக்கு மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். இருபது வருடம் உழைத்தவர் ஒரு ரூபாய் ஓய்வூதியம் இல்லாமல் நிற்பார். நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புதுக் காண்ட்ராக்டரிடம் பழைய யுஏஎன் எண்ணை, அதாவது வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்ணைக் கொடுங்கள். புது எண் போட்டுத் தருகிறேன் என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. பிஎஃப் உறுப்பினராக இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்குக் காப்பீட்டுத் தொகை உண்டு, அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய். நாமினி பெயரைப் பதிவு செய்யாமல் விட்டால் வீட்டிலிருப்பவர்கள் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும்.

காண்ட்ராக்டர் சம்பளம் தராமல் ஓடிவிட்டால்?

கம்பெனி தர வேண்டும். 1970ஆம் ஆண்டு காண்ட்ராக்ட் தொழிலாளர் சட்டத்திலும் இது இருந்தது. பழைய சட்டங்களைச் சேர்த்து எழுதிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பிறகும் இருக்கிறது. பிஎஃப் பாக்கிக்கும் கம்பெனியே பொறுப்பு. கேட்டுக்குள்ளே விடாவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தால் மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது.

ஒரு மாற்றத்தைக் கவனியுங்கள். முன்பு 20 காண்ட்ராக்ட் ஆட்கள் இருந்தாலே காண்ட்ராக்ட் முறைக்கான விதிகள் பொருந்தின. புதிய தொகுப்பில் அந்த எண்ணிக்கை 50. 49 பேரை வைத்துக்கொண்டு ஒருவர் கடை நடத்துவார் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

உணவு டெலிவரியில் மாதம் முப்பதாயிரம் வரும் என்கிறார்கள். உண்மையா?

வரும். வருவது வேறு, நிற்பது வேறு. ஒரு நல்ல நாளை எடுத்துக்கொள்வோம். காலை பதினொன்று முதல் இரவு பதினொன்று வரை வண்டி ஓட்டி 1,100 ரூபாய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 130 கிலோமீட்டர் ஓடியிருக்கும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்றால் சுமார் 290 ரூபாய். டயர், ஆயில், செயின், பிரேக், வண்டியின் தேய்மானம் எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாயாவது ஒதுக்க வேண்டும்: 130. போனுக்கும் டேட்டாவுக்கும் 20. மிச்சம் 660. பன்னிரண்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 55 ரூபாய். டீ, சாப்பாடு கணக்கில் இல்லை.

தேய்மானத்தை யாரும் எழுதுவதில்லை. கையில் இருப்பதையெல்லாம் சம்பாத்தியம் என்று நினைத்துவிடுகிறார்கள். மூன்றாவது வருடம் வண்டி படுத்துக்கொள்ளும்போதுதான், மூன்று வருடமாக வண்டியைத் தின்று வாழ்ந்திருக்கிறோம் என்று தெரிகிறது.

இன்னொரு ஆபத்து, விலையை நிர்ணயிப்பது நீங்கள் இல்லை. 2020 ஆகஸ்டில், ஊரடங்கு முழுதாக முடியாத நேரத்தில், ஓர் ஆர்டருக்கான அடிப்படைத் தொகையை 35 ரூபாயிலிருந்து 15 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள் என்று சென்னையில் டெலிவரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். காய்கறிக்காரர்கூடத் தன் கத்திரிக்காய்க்குத் தானே விலை சொல்கிறார்.

நான் நினைத்த நேரத்துக்குப் போகிறேன், நினைத்த நேரத்துக்கு நிறுத்துகிறேன். பிறகு நான் எப்படித் தொழிலாளி?

நிறுவனங்களின் வக்கீல்களும் இதையேதான் கேட்கிறார்கள். கேள்வி புதிதாகத் தெரிகிறது. ஆனால் இது ஐம்பது வருடத்துக்கு முன்பே நீதிமன்றம் ஏறி இறங்கிய கேள்வி.

1973இல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் என்ற தையற்கடை வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தக் கடையில் தையல்காரர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. நினைத்தபோது வருவார்கள், போவார்கள். வராத நாளுக்கு லீவு எழுதித் தர வேண்டியதில்லை. வேறு கடைக்கும் தைக்கலாம். சிலர் துணியை வீட்டுக்கே எடுத்துப்போய்த் தைத்தார்கள். இவர்கள் எப்படி எங்கள் ஊழியர்கள் என்றது கடை. உச்ச நீதிமன்றம் கடைக்காரரின் கையைப் பார்த்தது. தைத்தது சரியில்லை என்றால் அவர் திருப்பித் தருகிறார், பிரித்துத் தைக்கச் சொல்கிறார், அதையும் கேட்காவிட்டால் அடுத்த வேலை கொடுப்பதில்லை. தைப்பதற்கு மெஷினும் அவருடையது. கட்டுப்பாடு என்று சொல்ல இவை போதும், இவர்கள் ஊழியர்களே என்று தீர்ப்பு வந்தது.

பீடிக்கும் இதே கதைதான். எங்கள் பக்கம் தென்காசியில் பெரியம்மா பீடி சுற்றியவர். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, இலையைக் கத்திரியால் வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி அடுக்குவார். இடையில் உலை வைப்பார், தண்ணீர் பிடிப்பார், பிள்ளைக்குத் தலைவாரிவிடுவார். வீடு அவருடையது, நேரம் அவருடையது, கத்திரியும் அவருடையது. மாலையில் கட்டுகளைக் கடையில் கொடுக்கும்போது, மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டு 'இது சரியில்லை, அது சரியில்லை' என்று கழித்துப் போடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது. அந்த ஒரு நிமிடத்தில் பெரியம்மாவின் சுதந்திரம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. வீட்டிலிருந்து சுற்றுபவரும் தொழிலாளியே என்று அது சொன்னது. உற்பத்தியாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. அதற்குப் பிறகு பிஎஃப் வந்தது. பெரியம்மா அந்தப் பணத்தில் போட்ட சிமெண்ட் தரை இன்றும் இருக்கிறது.

இப்போது உங்கள் செயலியைத் திறந்து பாருங்கள். ரேட்டிங், தாமதத்துக்குப் பிடித்தம், ஆர்டரை மறுத்தால் அடுத்த ஆர்டர் வராமை, திடீரென்று ஒரு நாள் ஐடி பிளாக், அதாவது கணக்கு முடக்கம். வேலையைக் கழிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் முதலாளி என்பது என் வாதம். மேஜைக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லாமல் மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது என்பதால் மேஜை மறைந்துவிடாது. 2021 பிப்ரவரியில் ஊபர் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் கட்டணம், விதிகள், ரேட்டிங் எல்லாம் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன என்பதைப் பார்த்துத்தான் ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்துடன் விடுமுறையும் உண்டு என்றது.

அப்படியானால் இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

பாதிவழி வந்து நின்றுவிட்டது. முன்பு சொன்ன நான்கு தொகுப்புகளில் ஒன்றான 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, கிக் தொழிலாளி என்ற சொல்லை முதன்முறையாக நாடாளுமன்றச் சட்டத்தில் ஏற்றியது. ஆனால் விளக்கத்திலேயே, வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே உழைப்பவர் என்று எழுதிவிட்டார்கள். செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை நல நிதிக்குத் தர வேண்டும். அந்தப் பங்கு, நிறுவனம் தொழிலாளிகளுக்குத் தரும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விபத்து, உடல்நலம், மகப்பேறு, முதுமை ஆகியவற்றுக்கான திட்டங்களுக்கு அந்தப் பணம். குறைந்தபட்ச ஊதியம், வேலை நேரம், ஓவர்டைம் பற்றி அதில் பேச்சே இல்லை.

மாநிலங்களில் ராஜஸ்தான் 2023இல் முதல் சட்டம் கொண்டுவந்தது. கர்நாடகம் 2025இல் இயற்றிய சட்டம் இன்னும் கொஞ்சம் துணிச்சலானது. ஒருவரை நீக்குவதற்கு 14 நாள் முன்பு காரணம் காட்டி எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது.

ஐடி பிளாக் ஆகிவிட்டது. யாரிடம் போவது?

தமிழ்நாட்டில் இதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை. செயலியின் உதவிப் பக்கத்தில் எழுதுங்கள், பதிலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பகுதியில் சங்கம் இருந்தால் சேருங்கள். தனி ஆளுக்கு இயந்திரம்தான் பதில் சொல்லும்.

இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. இவர் கடனைத் தீர்த்தால் விடுவிக்கிறேன் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் வேறு தோட்டத்தில் சேர முடியாது. 1921இல் அதை ஒழித்தார்கள். ரேட்டிங்கை எடுத்துக்கொண்டு வேறு செயலிக்குப் போக முடியாமல் முதல் நாளிலிருந்து தொடங்கும் பையன்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் துண்டு நினைவுக்கு வரும். ஒப்பீடு முழுதாகப் பொருந்தாது என்பது தெரியும். கடன் அடிமைத்தனம் வேறு, இது வேறு. இருந்தாலும் நினைவு வருகிறது.

செயலி நிறுவனம் ஒரு சதவீதம் வருமான வரி பிடிக்கிறதே, அந்தப் பணம் போனதுதானா?

போகவில்லை. ஆண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் பெற்றால் காண்ட்ராக்டருக்குப் பிடிப்பதுபோல் 1 சதவீதம் பிடிக்கிறார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால், வரி கட்ட வேண்டிய அளவு வருமானம் இல்லாதவருக்கு முழுவதும் திரும்பி வரும். மூவாயிரம், நாலாயிரம் என்று வரும்; பையன்கள் என்னவோ நான் கொடுத்ததுபோல் இனிப்பு வாங்கி வருவார்கள்.

வேலையில் விபத்து நடந்தால் செலவு யார் பார்ப்பது?

காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஈஎஸ்ஐ இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால், நீங்கள் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். வேலைக்குப் போகும் வழியில், திரும்பும் வழியில் நடந்த விபத்தும் அதில் சேரலாம்.

செயலித் தொழிலாளிக்கு நிறுவனம் எடுத்த காப்பீடு இருக்கும். அதன் நிபந்தனைகளைப் படியுங்கள். என் தம்பி மகன் இரவு பன்னிரண்டரை மணிக்குக் கடைசி ஆர்டரைக் கொடுத்து, செயலியை அணைத்துவிட்டு வீடு திரும்பும்போது சென்னைப் பாடி பகுதியில் சறுக்கி விழுந்தான். முழங்கால் உடைந்தது. அணைத்த பிறகு நடந்தது வேலை நேரத்தில் சேராது என்று பதில் வந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டது அவர்களுடைய ஆர்டர். திரும்பி வந்தது அவனுடைய சொந்த உல்லாசப் பயணமாம். ஆறு மாதம் வீட்டில் இருந்தான்.

வண்டியின் இன்சூரன்ஸும் கவனம். வெள்ளை போர்டு வண்டிக்குச் சொந்த உபயோகத்துக்கான பாலிசி எடுத்திருப்பீர்கள். கூலிக்கு ஓட்டியது தெரிந்தால் சேதத்துக்கான இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு இடம் கிடைக்கும். டெலிவரிக்குப் பயன்படுத்துவதைச் சொல்லிவிட்டே பாலிசி எடுங்கள்.

வாரியத்தில் பதிவு செய்வதால் என்ன கிடைக்கும்?

தமிழ்நாடு அரசு 2023இல் கிக் தொழிலாளர்களுக்கென்று தனி நல வாரியம் அமைத்தது. பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, திருமண உதவி, விபத்து மரணத்துக்கு நிதி, முதுமையில் ஓய்வூதியம் என்று மற்ற வாரியங்களில் இருப்பவை. 2025-26 பட்ஜெட்டில், மின் ஸ்கூட்டர் வாங்க 2,000 பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியம் என்றும் அறிவித்தார்கள். சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் குளிர்சாதன ஓய்வறை திறந்திருக்கிறது. மே மாத வெயிலில் பிரியாணிக் கடை வாசல் படியில் உட்கார்ந்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். பெண்களுக்கு அதைவிடக் கழிப்பறை முக்கியம். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவையும் செய்துவிடுங்கள். இரண்டுக்கும் காசு கிடையாது. காசு கேட்பவர் தரகர்.

அரசாங்க வேலையிலும் காண்ட்ராக்ட் வந்துவிட்டதே?

அரசாங்கம்தான் வழிகாட்டி. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை நினைத்துப் பாருங்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். வேலை போகாது, புது நிறுவனத்தில் அப்படியே சேரலாம் என்றது மாநகராட்சி. வேலை போகாது என்பது பாதி பதில். இத்தனை வருடமாக மாநகராட்சிக்கு உழைத்த கணக்கு என்னவாகும் என்பதுதான் அவர்கள் கேட்டது. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது.

என்னென்ன காகிதங்களை வைத்துக்கொள்ள வேண்டும்?

காண்ட்ராக்ட் என்றால்: கேட் பாஸ், சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம், யுஏஎன், ஈஎஸ்ஐ அட்டை, மேற்பார்வையாளர் வாட்ஸ்அப்பில் போடும் ஷிப்டு பட்டியல். கடைசியாகச் சொன்னது முக்கியம். கம்பெனியின் ஆள் உங்களுக்கு வேலை சொன்னார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. வேலையை விட்ட அன்றே குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள். அதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள்.

செயலி என்றால்: வாராந்தரக் கணக்கு, பிடித்தங்கள், உதவிப் பக்க உரையாடல்கள், இன்சென்டிவ் விதிகள். விதிகள் வாரத்தின் நடுவிலேயே மாறும். போன வாரம் இப்படித்தான் ஒரு பையன், இருபத்தைந்து ஆர்டருக்கு இவ்வளவு என்று போட்டிருந்தது சார், இப்போது பார்த்தால் முப்பது என்று காட்டுகிறது என்று போனை நீட்டினான். பழையதைப் படம் எடுத்தாயா என்று கேட்டேன். இல்லை என்றான். அதற்குள் போனில் மணி அடித்தது, பாதியில் ஓடிவிட்டான்.